மஞ்சள் நிறம் காட்டி விற்ற வடிகட்டி

கேள்வி: திருமணமாகி நான்கு ஆண்டுகள், குழந்தை இல்லை. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் குழாய் நீரில் ஏதோ சொட்டு விட்டார், மஞ்சளானது. "இதுதான் விந்தணுவைக் கெடுக்கிறது" என்றார். பயந்துபோய்க் கடன் வாங்கி வடிகட்டி வாங்கிவிட்டோம்.

பதில்: உங்கள் ஏக்கத்தைக் காசாக்கியிருக்கிறார்கள். அந்த மஞ்சள், நீரில் குளோரின் இருப்பதை மட்டுமே காட்டும். குழாய் நெடுகிலும் கிருமி அண்டாமல் காப்பது அந்தக் குளோரின்தான்.

சந்தேகத்துக்குரியவை வேறு. நீரில் மட்கிய இலைதழைகளின் கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன்களும் ஹாலோஅசிட்டிக் அமிலங்களும் உருவாகின்றன. டிரைஹாலோமீத்தேன் உருவாவது 1974-லேயே தெரிந்த சங்கதி. அமெரிக்காவில் முதல் வகைக்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம், இரண்டாவதற்கு 60 என்று உச்சவரம்பே உண்டு. விற்பனையாளரின் சொட்டுச் சோதனையில் இவை தெரியவே தெரியாது. ஹாலோஅசிட்டிக் அமிலங்களில் ஒன்றான டைபுரோமோஅசிட்டிக் அமிலத்தை அதிக அளவில் கொடுத்தபோது எலிகளின் விந்தணு உற்பத்தி கெட்டது உண்மை. மனிதரிடம் முடிவுகள் ஒத்துப்போகவில்லை: சீன ஆய்வுகள் சிலவற்றில் எண்ணிக்கை குறைந்தது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. இதை வைத்து ஒருவர் வீட்டு வாசலில் நோய் கணிப்பது அயோக்கியத்தனம்.

அவர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார். ரசீது நகலோடு பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். விந்தணுப் பரிசோதனையை மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கார நீர்க் கருவி ஆண்மையைக் காக்குமாமே?

பதில்: காக்காது. வாங்காதீர்கள்.

கேள்வி: புற ஊதா விளக்கு வைத்த கருவி இந்தச் சேர்மங்களை நீக்குமா?

பதில்: நீக்காது. கிருமியைக் கொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

கேள்வி: கரி வடிகட்டி மூன்று ஆண்டுகளாக நன்றாக ஓடுகிறது. கரிக்குழலை மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: தண்ணீர் வருவதை வைத்து "நன்றாக ஓடுகிறது" என்கிறீர்கள். கரியின் பிடிமானம் தீர்ந்த பிறகும் தண்ணீர் வரும், டிரைஹாலோமீத்தேனும் கூடவே வரும். கையேட்டில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருப்பதைப் படிக்காமல் ஏன் வாங்கினீர்கள்? அட்டையில் உள்ள என்.எஸ்.எஃப். (அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு) தர எண்ணையும் பாருங்கள். 42 என்பது சுவை, நாற்றம், குளோரினுக்கானது. உடல்நலம் தொடர்பான மாசுகளுக்கு 53. அதிலும் டிரைஹாலோமீத்தேன் பெயர் சொல்லப்பட்டிருக்க வேண்டும். நான் முதலில் வாங்கியதில் "குளோரின் நீக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் 42 மட்டும்.

கேள்வி: கொதிக்க வைத்தால் போதாதா?

பதில்: டிரைஹாலோமீத்தேன் பெருமளவு ஆவியாகிவிடும், ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் அப்படிப் போய்விடாது. ஆவி வெளியேற ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெந்நீரில் குளிக்கும்போதும் அப்படித்தான்: மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் டிரைஹாலோமீத்தேன் உள்ளே போகிறது.