டிராஃப்ட்டா, காலேஜா? ஷார்ட்ஸ்டாப் ஆடும் பையனின் அம்மாவுக்கு

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, பதினோராம் வகுப்பு. எட்டு வயதிலிருந்து பேஸ்பால் ஆடுகிறான். இப்போது ஹைஸ்கூல் அணியில் ஷார்ட்ஸ்டாப். உயரம் 5 அடி 9 அங்குலம். அடுத்த வருஷம் டிராஃப்ட்டில் (மேஜர் லீக் கிளப்புகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) எடுப்பார்கள், தயாராக இருங்கள் என்று 'அட்வைசர்' ஒருவர் வீட்டுக்கே வந்து பேசுகிறார். கோச் காலேஜுக்குப் போகச் சொல்கிறார். மதுரையிலிருந்து அவன் தாத்தா போன் பண்ணி, "பந்து பொறுக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார். இது எத்தனை வருஷம் ஓடும் தொழில்? வருமானம் எப்படி? நாங்கள் இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறோம்.

பதில்: தாத்தா சொல்வதில் தப்பே இல்லை. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்குப் பந்து பொறுக்குவதுதான் வேலை. எவ்வளவு நேரத்துக்குள் என்பதில்தான் காசு இருக்கிறது. வலது கை பேட்டர் தரையோடு ஒரு பந்தை அடித்துவிட்டு ஓடினால், 90 அடி தள்ளி இருக்கும் முதல் பேஸை, உச்சப் படியான மேஜர் லீக்கில் சராசரியாக 4.3 விநாடியில் தொட்டுவிடுவார். அதற்குள் பந்து மண்ணில் உருண்டு வர வேண்டும். உங்கள் பையன் பக்கவாட்டில் நகர்ந்து, குனிந்து, கிளவ்வில் அதை வாங்க வேண்டும். கிளவ்விலிருந்து வலது கைக்கு மாற்றி, விரல் தையலில் பதியும்படி பிடித்து, முதல் பேஸுக்கு நூறு அடிக்கு மேல் நேராக எறிய வேண்டும். கடைசித் துள்ளலில் பந்து ஒரு விரற்கடை கூடுதலாக எழும்பினாலும், கை மாறும்போது ஒருமுறை நழுவினாலும் ஓடியவர் பிழைத்துக்கொள்வார். கை நழுவியதால் பிழைத்தார் என்றால் அது அவன் பெயரில் 'எரர்' (தவறு) என்று கணக்கில் ஏறும். வருஷத்துக்கு 162 ஆட்டம் இதைச் செய்ய வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊர் அணியான டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2023ல் மேஜர் லீக் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தபோது செகண்ட் பேஸ் ஆடியவர் மார்கஸ் செமியன். அவருடைய கதையை உங்கள் மகனோடு உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள். 2008ல், ஹைஸ்கூல் முடித்த கையோடு, சிகாகோ வைட் சாக்ஸ் அவரை 34வது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆடினார். 2011ல் அதே வைட் சாக்ஸ் அவரை 6வது சுற்றில் எடுத்தது. 2013 செப்டம்பரில் மேஜர் லீக் அறிமுகம். அடுத்த வருஷக் கடைசியில் ஓக்லாந்துக்கு மாற்றிவிட்டார்கள். 2015ல் அங்கே முழுநேர ஷார்ட்ஸ்டாப்பாக ஆடி 35 எரர் செய்தார். அந்த வருஷம் மொத்த மேஜர் லீக்கிலும் அதுதான் அதிகம்.

அதோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். செமியனுக்கு ரான் வாஷிங்டன் என்ற பழைய கோச் அந்த சீசன் நடுவில் வந்து சேர்ந்தார். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வரச் சொல்லி, முழங்காலிட்டு உட்கார வைத்து, விரல் மடிக்க முடியாத தட்டையான பயிற்சி கிளவ்வை மாட்டிவிட்டு, கிட்டத்திலிருந்து சின்னச் சின்னத் துள்ளலாகப் பந்தை உருட்டுவார். கால் கிடையாது, தோள் கிடையாது. கையும் கண்ணும் மட்டும். தினமும் இதுதான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வாய்ப்பாட்டை மறுபடி எழுத வைக்கிற மாதிரி. 24 வயதில், மேஜர் லீக் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதைச் செய்ய மனசு வர வேண்டும். அப்புறம் 2019ல் 162 ஆட்டமும் ஆடினார். 2021ல் டொராண்டோவுக்குப் போய், ஷார்ட்ஸ்டாப் இடத்தை விட்டுக்கொடுத்து செகண்ட் பேஸுக்கு மாறி, 45 ஹோம் ரன் அடித்து, சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருதும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் ரேஞ்சர்ஸின் 7 வருஷ, 17.5 கோடி டாலர் ஒப்பந்தம். முதல்முறை டிராஃப்ட்டில் பெயர் வந்ததிலிருந்து எண்ணினால் 13 வருஷம்.

இன்னொன்று: இப்போது டிராஃப்ட் 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது. 2008ன் செமியன் இன்றைக்கு ஹைஸ்கூல் பையனாக இருந்தால் யாரும் பெயர் வாசித்திருக்க மாட்டார்கள். அட்வைசர் "எடுப்பார்கள்" என்று சொன்னால், எந்தச் சுற்றில், எவ்வளவு பணத்துக்கு என்று கேளுங்கள். 11வது சுற்றிலிருந்து ஒரு கிளப் ஒப்பந்த போனஸாக 1.5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தால், கூடுதலாகக் கொடுப்பது அந்தக் கிளப்புக்கு ஒதுக்கப்பட்ட போனஸ் தொகையிலிருந்து கழியும். அதனால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதிலும் வரி, ஏஜென்ட் கமிஷன் போக மிச்சம்தான் கைக்கு.

அந்தப் பணத்துக்குப் பிறகு வருவது, மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள படிகளான மைனர் லீக்கின் சம்பளம். 2023ல் மைனர் லீக் வீரர்களுக்கு முதன்முறையாக யூனியன் ஒப்பந்தம் வந்தது. அதன்படி ஆரம்பப் படியான காம்ப்ளெக்ஸ் லீக்கில் வருஷத்துக்கு 19,800 டாலர், சிங்கிள்-ஏயில் 26,200, டபுள்-ஏயில் 30,250, டிரிபிள்-ஏயில் 35,800. இதற்கு முன் டபுள்-ஏக்கு 13,800 டாலர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் இது பெரிய முன்னேற்றம். தங்குமிடமும் 2022லிருந்து கிளப் பொறுப்பு. இருந்தாலும் பிளேனோவில் பக்கத்து வீட்டுப் பையன் முதல் வேலையில் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். ஒரு கிளப்பின் கீழ் 165 பேர் வரை மைனரில் இருப்பார்கள். மேலே மேஜர் லீக் அணியில் 26 இடம்.

மேலே போய்விட்டால் கணக்கே வேறு. 2026ல் மேஜர் லீக் குறைந்தபட்ச சம்பளம் 7.8 லட்சம் டாலர். ஆனால் அங்கே நாள் கணக்கு முக்கியம். 172 நாள் அணியில் இருந்தால் ஒரு வருஷம். பொதுவாக மூன்று வருஷம் சேர்ந்தால் நடுவர் மூலம் சம்பளம் பேசலாம். ஆறு வருஷம் சேர்ந்தால்தான் யாரோடு வேண்டுமானாலும் போகும் சுதந்திரம். கிளப்புகள் இந்த நாள் கணக்கில் எவ்வளவு கெட்டி என்பதற்கு கிரிஸ் பிரையன்ட் உதாரணம். அப்போது சிகாகோ கப்ஸின் மூன்றாம் பேஸ்காரர். 2015ல் அவரை சீசன் தொடங்கிச் சில நாள் கழித்து மேலே கூப்பிட்டார்கள். வருஷக் கடைசியில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததில் அவருடைய சுதந்திரம் ஒரு முழு வருஷம் தள்ளிப்போனது. முறையிட்டுப் பார்த்தார், தோற்றார். அந்த 2015ல் அவர்தான் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம்!

எத்தனை வருஷம் ஓடும்? 1902 முதல் 1993 வரை மேஜர் லீக்கில் நுழைந்த, பிட்சர் அல்லாத வீரர்களை ஆராய்ந்து கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. சராசரி 5.6 வருஷம், ஐந்தில் ஒருவர் ஒரே சீசனோடு வீட்டுக்கு. இது மேலே போய்ச் சேர்ந்தவர்களின் சராசரி என்பதை மறக்க வேண்டாம். ஆறுதலுக்கு ஒன்று: மேஜர் லீக் அணியில் 43 நாள் இருந்தாலே ஓய்வூதியத்தில் பங்கு உண்டு.

உயரம் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். டஸ்டின் பெட்ரோயாவும் 5 அடி 9 அங்குலம்தான். அரிசோனா ஸ்டேட்டில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர், பாஸ்டனில் செகண்ட் பேஸுக்கு மாறி 2008ல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் ஆனார். வெனிசுவேலாவின் ஹோசே அல்டூவே 5 அடி 6 அங்குலம்; ஹூஸ்டன் அவரை 15,000 டாலருக்கு வாங்கியது. நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. உங்கள் மகன் "நான் ஷார்ட்ஸ்டாப்" என்று பிடிவாதம் பிடிப்பவனா? ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் கெட்டிக்காரப் பையன்தான் ஷார்ட்ஸ்டாப். அவர்கள் எல்லோரும் ஒரே கிளப்பில் வந்து சேரும்போது ஒருவருக்குத்தான் அந்த இடம். மற்றவர்கள் செகண்ட், தேர்ட், சில சமயம் அவுட்ஃபீல்டு. 2,632 ஆட்டம் இடைவிடாமல் ஆடிய பால்டிமோர் ஷார்ட்ஸ்டாப் கால் ரிப்கன் (Cal Ripken) என்பவரையே கடைசியில் மூன்றாம் பேஸுக்கு மாற்றினார்கள். இந்தக் கோடையிலேயே செகண்ட் பேஸில் நின்று டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்குவது) திருப்பப் பழகச் சொல்லுங்கள். அங்கே ஓடி வருபவர் பார்வையில் படமாட்டார், முதுகுப் பக்கமிருந்து வருவார். கால் வைக்கும் முறையே வேறு.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று சுற்றுக்குள், ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வந்தால் யோசிக்கலாம். அப்போதும் பிற்பாடு படிக்கும் செலவைக் கிளப் ஏற்கும் காலேஜ் ஸ்காலர்ஷிப் திட்டத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு வருஷத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். அதற்குக் கீழே என்றால் காலேஜ். நான்கு வருஷக் காலேஜில் சேர்ந்தால், மூன்றாம் வருஷம் முடிந்தோ 21 வயது நிறைந்தோதான் மறுபடி டிராஃப்ட். ஜூனியர் காலேஜில் சேர்ந்தால் ஒவ்வொரு வருஷமும் தகுதி உண்டு. நம்மவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் என்றால் ஒரு இளக்காரம் இருக்கிறது; பேஸ்பாலில் அதை விட்டுவிடுங்கள். டெக்சஸில் சான் ஹசின்டோ மாதிரி இடங்களைத் தேடி ஸ்கவுட்டுகள் (கிளப்புகளுக்கு ஆள் தேடுபவர்கள்) வருகிறார்கள். "ஸ்காலர்ஷிப் உண்டு" என்று எந்தக் கோச் சொன்னாலும் எத்தனை சதவீதம், எத்தனை வருஷம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பேஸ்பாலில் அரைகுறையாகப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் நெடுநாள் வழக்கம்.

அட்வைசரிடம் இப்போதைக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம், அவர் கையால் ஒரு பேட்கூட வாங்க வேண்டாம். சேரப் போகும் காலேஜில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தைக் கேட்காமல் செய்தால் மாணவ வீரன் என்ற தகுதிக்கே ஆபத்து வரலாம்.

கடைசியாக நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, எச்-1பி. எனக்கு அதுதான் முதல் வரி. டிராஃப்ட்டுக்குக் குடியுரிமை தேவையில்லை. அமெரிக்க ஹைஸ்கூலில் படித்தால் போதும். ஆனால் உங்களைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பையன் சம்பளம் வாங்க முடியாது. ஒப்பந்தம் ஆனால் கிளப் அவனுக்கு விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசா எடுக்க வேண்டும். மைனர் லீக் வீரர்களுக்கும் அது கிடைக்கும். காலேஜ் என்றால் 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும். ஸ்காலர்ஷிப் வாங்கலாம்; பெயரையும் படத்தையும் வைத்து வரும் விளம்பரப் பணத்தை எஃப்-1ல் தொடுவதற்கு முன் குடியேற்ற வக்கீலைக் கேட்டே ஆக வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பையன் பெயரும் இருந்தால், பி-1க்கு மாறுவது அதை எப்படிப் பாதிக்கும் என்பதையும் அதே வக்கீலிடம் இப்போதே கேளுங்கள், டிராஃப்ட் நடக்கும் ஜூலைக்குக் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் இருக்கிறது, ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி. மைனர் லீக்கில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாளும் ஒரே எதிரணியோடு ஆட்டம், திங்கள் விடுமுறை. சொந்த ஊரில் ஆடும் வாரத்தில், கேட் திறந்தவுடனே மகனோடு போய் உட்காருங்கள். ஆட்டத்துக்கு முன் இன்ஃபீல்டர்கள் தரைப் பந்து வாங்குவதைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஷார்ட்ஸ்டாப் பக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.