‘தி வயர்’ தொடரின் நான்கு சிறுவர்களும் எங்கள் ஆகஸ்ட் 1 கணக்கும்

கேள்வி: பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளைத் தொலைக்காட்சித் தொடர்கள் உள்ளபடி காட்டுகின்றனவா? நீங்கள் பார்த்தவற்றில் எதைச் சொல்வீர்கள்?

பெரும்பாலானவை காட்டுவதில்லை என்பதே என் பதில். தெருமுனையில் நிற்கும் பையன் காவல்துறை வண்டியின் கண்ணாடி வழியே எப்படித் தெரிவானோ, அப்படித்தான் அவனைத் தொடர்களும் பார்க்கின்றன. அவன் ஓடுவான், பிடிபடுவான், அல்லது செத்துக் கிடப்பான். காலையில் என்ன சாப்பிட்டான், எந்த வகுப்பில் படிக்கிறான், சட்டையை யார் துவைத்துக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் கதைக்கு வேண்டியதில்லை. இதற்கு விலக்காக நான் சொல்லக்கூடியது, ஹெச்.பி.ஓ. அலைவரிசையில் 2002 முதல் 2008 வரை வந்த ‘தி வயர்’ தொடரின் நான்காவது சீசன். 2006இல் ஒளிபரப்பான பதின்மூன்று அத்தியாயங்கள் அவை. கதையின் முடிவுகளையும் தொட்டே எழுதுகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை நடப்பது அமெரிக்காவின் பால்டிமோர் நகரின் மேற்குப் பகுதியில். 1950இல் ஒன்பதரை லட்சம் பேர் வாழ்ந்த அந்தத் துறைமுக நகரத்தில், ஆலை வேலைகளும் வசதியுள்ளவர்களும் வெளியேறிய பின், 2010இல் எஞ்சியவர்கள் ஆறே கால் லட்சத்துக்கும் குறைவு. பலகை அடித்து மூடப்பட்ட வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் தெருக்களில் மைக்கேல், நேமண்ட், ராண்டி, டூக்கி என்ற நான்கு எட்டாம் வகுப்புச் சிறுவர்கள் வளர்கிறார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் அந்நகரின் நாளிதழில் நிருபராக இருந்தவர். அவருடன் எழுதிய எட் பர்ன்ஸ் இருபது ஆண்டுகள் அங்கே காவல்துறையில் இருந்துவிட்டு, பிறகு அதே நகரின் அரசுப் பள்ளிகளில் ஏழு ஆண்டுகள் பாடம் நடத்தியவர். நான்காவது சீசனின் வலு இந்த ஏழு ஆண்டுகளிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பதினொரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தேன். அந்த சீசனில், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அழைத்து வரும் வேலை, சிறையிலிருந்து திரும்பிய கட்டி என்பவருக்குக் கிடைக்கிறது. பிள்ளைகளைத் திரும்பவும் படிக்க வைக்கிறோம் என்று நம்பி அவர் தெருத்தெருவாக அலைகிறார். செப்டம்பரில் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள் வந்து கணக்கில் ஏறிவிட்டால் போதும், நிதி வந்துவிடும், அதற்குப் பின் அந்தப் பையனைத் தேட வேண்டாம் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. எங்களுக்கு அது ஆகஸ்ட் 1. அன்றைய நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டுதான் ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகும் என்பதால், ஜூலைக் கடைசியில் எங்கள் பள்ளியிலும் வீடு வீடாகப் போவோம். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அப்படிப் போன ஆசிரியர் எவரையும் எனக்கு நினைவில்லை; நானும் போனதில்லை.

தொடரின் பள்ளியில், தேர்வுக்கு முன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, வரப்போகும் வினாக்களை மட்டும் உருப்போட வைக்கும்படி ஆசிரியர்களுக்கு உத்தரவு வருகிறது. முன்பு காவலராக இருந்த கணக்கு ஆசிரியர் ப்ரெஸ், குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டக் காவல்துறையில் செய்த அதே தில்லுமுல்லு இங்கேயும் நடப்பதை உடனே கண்டுகொள்கிறார். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலும், அவர்கள் தேர்ச்சி பெறும் அளவுக்கு மட்டும் சுருக்கி அச்சடித்த மினிமம் மெட்டீரியலும், தேர்ச்சி விகிதமும் அறிந்த எவருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

இத்தொடரின் சிறுவர்கள் நல்லவர்களாகவோ கெட்டவர்களாகவோ வந்து நிற்பதில்லை. அவர்களுக்கென்று திறமைகள் இருக்கின்றன. ராண்டி பிறவி வியாபாரி. ஒவ்வொரு வகுப்புக்கும் சீருடைச் சட்டையின் நிறம் வேறு என்பதால், எல்லா நிறத்திலும் ஒன்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்பின் சாப்பாட்டு வேளையிலும் புகுந்து மிட்டாய் விற்கிறான். ப்ரெஸ் பகடைக் காய்களை வைத்து நிகழ்தகவு நடத்தினால், அதைத் தெருச் சூதாட்டத்தில் பயன்படுத்திப் பணம் பார்க்கிறான். இப்படிப்பட்டவன் பள்ளியில் ஒரு சிக்கலிலிருந்து தப்பிக்க, தனக்குத் தெரிந்த கொலையைப் பற்றித் துணைத் தலைமையாசிரியரிடம் வாய் திறக்கிறான். அந்தச் சொல் பொறுப்பற்ற காவலர் ஒருவரின் வாய்வழியே தெருவுக்கு வருகிறது. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. அவனை வளர்த்த அம்மையாரின் வீடு எரிக்கப்படுகிறது. அடுத்த சீசனில் ஒரே ஒரு காட்சியில், அரசு விடுதியின் மாடிப்படியில், முகம் இறுகிப்போனவனாக வருகிறான். இந்தச் சங்கிலியில் கொடியவர் என்று சுட்ட ஒருவரும் கிடைக்கமாட்டார், கவனக்குறைவானவர்கள்தான் கிடைப்பார்கள்.

என்னால் மறக்க முடியாத காட்சி இன்னொன்று. லட்டீஷியா என்ற மாணவி, தன்னைச் சீண்டிக்கொண்டே இருந்த மற்றொருத்தியின் முகத்தை வகுப்பறையிலேயே கீறிவிட்டு, தரையில் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கிறாள். வகுப்பே அலறுகிறது. வீட்டில் துவைத்த துணிக்கும் வழியில்லாததால் நாற்றமடிக்கிறான் என்று எல்லாரும் ஒதுக்கும் டூக்கி, அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, தன் கையிலிருந்த சின்ன பேட்டரி விசிறியை அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறான். ஒரு வசனமும் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளோடு நாள்தோறும் இருந்தவருக்கே இது தோன்றும்.

குறையும் உண்டு. ஐந்தாவது சீசனில் சிறுவர்களில் இருவரைப் பழைய பாத்திரங்களின் இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்திவிடுகிறார்கள்: மைக்கேல் போதை வியாபாரிகளையே கொள்ளையடிப்பவன் ஆகிறான், டூக்கி ஊசி போட்டுக்கொள்பவன் ஆகிறான். வட்டம் சுற்றி வருகிறது என்று காட்ட எண்ணியிருக்கலாம். ஆனால் நிஜத்தில் இவ்வளவு ஒழுங்காக எதுவும் நடப்பதில்லை. என்னிடம் படித்து இடைநின்ற பையன்களில் ஒருவன் ஏசி மெக்கானிக், ஒருவன் சிறை போய் வந்து மீன் விற்கிறான், ஒருவன் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்று என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான்.

அதைவிடப் பெரிய குறை, நால்வருமே ஆண் பிள்ளைகள் என்பது. சிறுவன் ஒவ்வொருவனும் எந்த வீட்டுக்குத் திரும்புகிறான் என்று நமக்குக் காட்டப்படுகிறது. விசிறிக் காற்று பட்ட அந்த லட்டீஷியாவின் வீட்டுக் கதவை மட்டும் கேமரா தட்டவே இல்லை.