இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் தேர்வில், இறுதிப் பட்டியலில் இருந்த மூவரில் நீங்கள் யாரை எடுத்திருப்பீர்கள்?

காலித் ஜமீலை. ஆனால் பட்டியல் வெளியான அன்று என் ஓட்டு அவருக்கு இல்லை.

பின்தொடராதவர்களுக்காக: 2025 ஜூலை தொடக்கத்தில் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் விலகினார். வந்த விண்ணப்பங்கள் 170. ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு அதை மூன்று பெயராகச் சுருக்கியது: இங்கிலாந்தின் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் டார்கோவிச், நம்மூர் காலித் ஜமீல். நடுவில் உலகப் புகழ் பயிற்சியாளர்கள் சாவியும் குவார்டியோலாவும் விண்ணப்பித்ததாக ஒரு கூத்து வேறு நடந்தது. அந்த மின்னஞ்சல்கள் போலி என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

யாரை எடுப்பது என்பதற்கு முன்னால் அணிக்கு என்ன நோய் என்று பார்க்க வேண்டும். 2024 ஜனவரி ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அந்த ஆண்டு முழுக்க இந்தியா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மார்க்கெஸின் கீழ் ஆடிய எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. எட்டிலும் சேர்த்து அடித்தது ஐந்து கோல், அதில் மூன்று அந்த ஒரே ஆட்டத்தில் வந்தவை. ஓய்வு அறிவித்துவிட்டுப் போன சுனில் சேத்ரியைத் திரும்பக் கூப்பிட வேண்டிய நிலைமை. அப்போது உலகத் தரவரிசை 133.

இந்த இடத்தில் எங்கள் ஊர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) அணி ஞாபகம் வருகிறது. வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றதும் கோச்சை மாற்றினோம். புதிதாக வந்தவர் முதல் நாள் எங்களை அரை மணி நேரம் ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, "இதுல கோல் அடிக்கிற ஆள் யாருப்பா?" என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் கோல் வாங்காமல் 0-0 முடித்தோம். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

சரி, மூவருக்கு வருகிறேன். என் முதல் தேர்வு டார்கோவிச்தான். ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2020-க்கு ஸ்லோவாக்கியாவைக் கூட்டிப்போனவர், அங்கே போலந்தை 2-1 என்று வென்றவர். ஸ்பெயினிடம் ஐந்து வாங்கியதும் அதே தொடரில்தான். பிறகு கிர்கிஸ்தானை உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குக் கொண்டுபோனார், அதாவது நாம் 2024-ல் கத்தாரிடம் தோற்றுக் கோட்டைவிட்ட அதே கட்டம். காகிதத்தில் இவரை அடிக்க ஆளில்லை. ஆனால் நாள்காட்டியைப் பார்த்ததும் மனம் மாறியது. ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் குழுவில் முதலிடம் பிடிக்கும் ஒரே அணிக்குத்தான் வாய்ப்பு என்ற நிலை. நாம் இரண்டு ஆட்டம் முடித்து ஒரே புள்ளியோடு நின்றோம். ஆகஸ்டில் வருகிறவர் அக்டோபரில் சிங்கப்பூரை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தேசிய அணிப் பயிற்சியாளர் கையில் வீரர்கள் தினமும் இருப்பதில்லை, கேம்ப் போட்டால் கிடைப்பது சில நாட்கள். அதில் பாதியை வீரர்களின் பெயரையும் பழக்கத்தையும் படிப்பதில் செலவிட முடியாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் கான்ஸ்டன்டைன் வலுவான ஆள். இந்தியாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை பயிற்சியாளராக இருந்தவர். 2015-ல் தரவரிசையில் 173-க்குச் சரிந்து கிடந்த அணி, 2017-ல் 96-க்கு வந்தது. இதே மாதிரி ஒரு தகுதிச்சுற்றைத் தாண்டி 2019 ஆசியக் கோப்பைக்குப் போனோம், முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்தை 4-1 என்று சாத்தினோம். கடைசி ஆட்டத்தில் பஹ்ரைனிடம் 90 நிமிடம் தாண்டிச் சேர்த்த நேரத்தில் விழுந்த பெனால்டியில் தோற்று வெளியேறியது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அன்றே அவர் ராஜினாமா செய்தார்.

அவரை ஏன் எடுக்க மாட்டேன் என்றால், அவருடைய ஆட்டமே பின்னால் இறுக்கிப் பிடித்து, முன்னால் நீளமாகப் போட்டு அடிப்பது. அது வேலை செய்ய முன்னால் ஆள் வேண்டும். அன்று 34 வயது சேத்ரி இருந்தார், பக்கத்தில் நம்ம சென்னையின் எஃப்சி ஜேஜே இருந்தார். தாய்லாந்துக்கு எதிரான நான்கில் மூன்று இவர்கள் இருவரும் அடித்தவை. 2025-ல் அந்தப் பந்தை யாருக்குப் போடுவது? போதாததற்கு, 2022-23-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப்போடு ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஒன்பதாம் இடம்.

மிச்சம் ஜமீல். இன்னொரு தேசிய கிளப் லீக்கான ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கிப் பிறகு மீண்டும் சேர்க்கப்பட்ட ஐஸ்வால் எஃப்சியை, 2016-17-ல் மோகன் பகானுக்கு மேலே நிறுத்திச் சாம்பியனாக்கியவர். 2021-ல் சீசன் நடுவில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டைக் கையில் வாங்கி, லீக் சுற்றில் ஒரு தோல்விகூட இல்லாமல் ப்ளேஆஃபுக்குக் கொண்டுபோனார். ஐஎஸ்எல்லில் அதைச் செய்த முதல் இந்தியப் பயிற்சியாளர் அவர்தான். ஜாம்ஷெட்பூரோடு 2024-25-ல் அரையிறுதி, சூப்பர் கப் இறுதி. என்னைக் கவர்ந்தது கோப்பைகள் அல்ல, அவகாசமே இல்லாமல் உள்ளே வந்து அணியை நிமிர்த்தும் அந்தப் பழக்கம். நமக்குத் தேவைப்பட்டதும் அதுதான். "இந்தியருக்கு வாய்ப்பு கொடுங்கள்" என்ற கோஷத்தில் எனக்கு ஆர்வமில்லை. அதே நார்த்ஈஸ்டில் அடுத்த முழு சீசனில் பத்தாம் இடம் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜாம்ஷெட்பூரில் கோல் அடிக்க வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள் என்பதையும்.

ஆகஸ்ட் 1 அன்று சம்மேளனமும் அவரைத்தான் எடுத்தது. முதல் கேம்புக்கே மோகன் பகான் தன் வீரர்களை விடவில்லை. இருந்தும் மத்திய ஆசியத் தொடரில் தஜிகிஸ்தானை வென்று, ஓமனைப் பெனால்டியில் தாண்டி மூன்றாம் இடம். நானும் என் கணிப்பு சரி என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் சிங்கப்பூர். அங்கே பத்துப் பேரோடு ஆடி, 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி அடித்ததில் 1-1. கோவாவின் மட்காவில் நடந்த மறு ஆட்டத்தில் நம் சாங்தே முதலில் அடித்தும் 1-2 தோல்வி, ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது. எதிரணிப் பயிற்சியாளர் கேவின் லீ, 35 வயது உள்ளூர்க்காரர், அப்போது இடைக்காலப் பொறுப்பில் மட்டும் இருந்தவர். நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1.

"இப்போதும் ஜமீல்தானா?" என்று கேட்டால், ஆமாம். அந்த மத்திய ஆசியத் தொடருக்குச் சேத்ரியை எடுக்காமல் விட்டவர் அவர். அக்டோபரில் சிங்கப்பூருக்குப் போனபோது, 41 வயது சேத்ரி மறுபடி முன்வரிசையில் இருந்தார்.