புலி வாயில் மன்றோ

அன்புள்ள ஐயா,

இணைய ஏலம் ஒன்றில் பழைய இங்கிலாந்துப் பொம்மை ஒன்று வந்திருக்கிறது. சிப்பாய் உடுப்பில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், புலி அவன் தலையைக் கவ்வியிருக்கிறது. பீடத்தில் ‘மன்றோவின் மரணம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சென்னை தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கிறாரே, அந்த மன்றோவா? 1830 வாக்கில் செய்தது, ஒரு கீறல்கூட இல்லை என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

அவர் இல்லை. தீவுத்திடல் தாமஸ் மன்றோ 1827இல் காலராவில் போனவர். இவர் ஹியூ மன்றோ, தளபதி ஹெக்டர் மன்றோவின் மகன். 1792 டிசம்பரில் ஹூக்ளி முகத்துவாரத்துச் சாகர் தீவில் சிலர் மான் வேட்டைக்கு இறங்கினார்கள். காட்டோரம் சாப்பிட உட்கார்ந்தபோது புலி பாய்ந்து இந்த இளைஞரின் தலையைக் கவ்வி இழுத்துப்போனது. சுட்டு மீட்டும் மறுநாள் இறந்துவிட்டார். கூட இருந்தவர் எழுதிய கடிதம் 1793இல் லண்டன் பத்திரிகையில் வந்து பரபரப்பானது. அப்பா ஹெக்டரை நமக்கும் தெரியும்: 1780இல் பொள்ளிலூரில் ஹைதர், திப்பு படையிடம் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது காஞ்சிபுரத்திலிருந்து நேரத்துக்குப் போய்ச் சேராதவர். வெள்ளைக்காரன் ஒருவன்மேல் பாய்ந்து நிற்கிறதே, லண்டனில் உள்ள திப்புவின் மரப்புலி, அதையும் இந்தச் சாவோடு முடிச்சுப் போடுவார்கள். அது ஊகம்தான்.

பொம்மை செய்தவர்கள் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரக் குயவர்கள், அதுவும் சம்பவம் நடந்து முப்பது வருடம்போல் கழித்து. ஊர் ஊராக மிருகக் காட்சிகள் சுற்றிய காலம், புலிக்கு நல்ல கிராக்கி. கொலை, விபத்து எதையும் அவர்கள் விட்டதில்லை. 1827இல் சஃபோக்கில் நடந்த ‘சிவப்புக் களஞ்சியம்’ கொலைக்கும் பொம்மை உண்டு, 1850இல் கூண்டுக்குள் புலி கொன்ற ‘சிங்க ராணி’ எலன் பிரைட்டுக்கும் உண்டு. மன்றோ பொம்மையை பர்ஸ்லெம் ஊர் ஒபடையா ஷெராட்டின் வேலை என்று சொல்வது வழக்கம். பாணியை வைத்துச் சொல்வதுதான், முத்திரை கிடையாது. அடியில் ஷெராட் பெயர் பொறித்திருந்தால் அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

இனி அந்தக் ‘கீறல்கூட இல்லை’. எனக்கு உறுத்துவது அதுதான். இந்தப் பொம்மைகளில் பல நிறங்கள் கிளேஸுக்கு, அதாவது மண்மேல் சுட்டு ஏற்றிய கண்ணாடிப் பூச்சுக்கு, மேலே பூசிய எனாமல். கிளேஸ் சுடும் சூட்டைவிடக் குறைந்த சூட்டில், 700–800 டிகிரியில், தனியாகச் சுடுவார்கள். கிளேஸோடு முழுக்க ஒன்றாததால் காலப்போக்கில் செதில் செதிலாக உதிரும். இருநூறு வருடத்தில் எங்கும் உதிரவில்லை என்றால் மறுபூச்சாக இருக்கலாம், நகலாகவும் இருக்கலாம்.

நகலைப் பிடிக்க அடிப்பக்கப் படம் கேளுங்கள். அந்தக் காலத்தில் கொலுப்பொம்மைக்கு அமுக்குகிற மாதிரிதான் களிமண்ணை அச்சில் விரலால் அமுக்கினார்கள். உடல், தலை, கை, கால் தனித்தனி அச்சு. பிறகு குழைமண் தடவி ஒட்டுவார்கள். அதனால் உள்ளே விரல் தடம் தெரியும், சுவர் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும், பொம்மை கனக்கும். பிற்கால நகல்களில் பெரும்பாலும் கூழ்மண்ணை அச்சில் ஊற்றி, மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். சுவர் மெல்லிசாக, ஒரே சீராக இருக்கும். வெளியே மேடென்றால் உள்ளே பள்ளம். எடையும் குறைவு.

மேலெல்லாம் ஒரே அளவில் வலை பின்னியதுபோல் விரிசல், அதில் பழுப்புச் சாயம் இறங்கியிருந்தால் அது வேண்டுமென்றே செய்தது. பழைய கிளேஸில் விரிசல் ஒழுங்கில்லாமல் ஓடும், இல்லாமலும் இருக்கலாம். மடிப்புகளில் கிளேஸ் தேங்கிய இடம் லேசாக நீலம் பூத்திருந்தால் நல்ல அறிகுறி. கோபால்ட் சேர்த்த கிளேஸ் அது.

விரிசலைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஈரம் சமமில்லாத துண்டுகளை ஒட்டினால் காயும்போது ஒன்று அதிகம் சுருங்கி மூட்டில் பிளக்கும். பிளவுக்குள் கிளேஸ் ஓடி விளிம்பு மழுங்கியிருந்தால் அது சூளைப் பிளவு, விலையை அவ்வளவாகப் பாதிக்காது. விளிம்பு கூராக, உள்ளே அழுக்குக் கோடாக இருந்தால் பின்னால் உடைந்தது.

மறுபூச்சுக்கு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் போதும். இருட்டறையில் அடித்தால் புதுப் பூச்சு சுற்றியுள்ள கிளேஸிலிருந்து வேறு நிறத்தில் தெரியும். பீடத்தின் கால்கள், கை நுனி, எழுத்துள்ள பலகை மூன்றையும் அப்படிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊசியை மெல்ல இழுத்துப் பார்ப்பது இன்னொரு வழி. கிளேஸில் வழுக்கும், பெயின்டில் மாட்டும். ஆனால் பொருள் கைக்கு வந்த பிறகுதான் அது முடியும்.

விற்பவர் படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ஓரிரண்டு இடத்தில் திருத்தியிருப்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற விலை சொன்னால் வாங்கலாம். வந்ததும் தண்ணீரில் மட்டும் ஊறப்போடாதீர்கள். கிளேஸ் படாத அடி தண்ணீரை உறிஞ்சும், பழைய பசை நெகிழும், அழுக்கு கிளேஸுக்கு அடியில் பரவும். பஞ்சுக் குச்சியை வாலை வடிநீரில் நனைத்துப் பிழிந்து, எனாமல் உதிராத இடங்களில் மட்டும் துடையுங்கள்.