அல் கபோனை எந்த வழக்கில் சிக்கவைப்பது?

நண்பரே, உங்கள் நாடகத்தின் முடிவில் சிகாகோ குற்றக் கும்பல் தலைவன் அல் கபோனுக்குக் கொலை வழக்கில் தண்டனை கிடைப்பது நம்பும்படி இல்லை என்று குழுவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் சொல்வது சரி. 1931-ல் அவன் மாட்டியது வருமான வரியில்.

சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இதற்கு வழி பிறந்தது. ஆனால் அவன் பெயரில் வங்கிக் கணக்கே கிடையாது. வருமானத்தை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் உங்களுக்கு அருமையான காட்சி இருக்கிறது. சிகாகோவை ஒட்டிய சிசரோ ஊர்ச் சூதாட்ட விடுதியில் 1926-ல் கைப்பற்றிய பேரேடுகள் அலுவலகத்தில் தூங்கிக் கிடந்தன. வரித்துறையின் பிராங்க் வில்சன் அதிலிருந்த கையெழுத்தை வங்கிச் சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எழுதிய கணக்குப்பிள்ளையைக் கண்டுபிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். துப்பாக்கிச் சத்தமே வேண்டாம், அந்த மேசையைக் காட்டுங்கள்.

நீதிமன்றக் காட்சியில் ஜூரியை விட்டுவிடாதீர்கள். விலைபோயிருக்கலாம் என்று விசாரணை தொடங்கும் நாளிலேயே நீதிபதி வில்கர்சன் மொத்த ஜூரர் பட்டியலையும் மாற்றினார். தண்டனை 11 ஆண்டு, அபராதம் 50,000 டாலர்.

மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸை நாயகனாக்க வேண்டாம்; அவர் குழு திரட்டிய மதுவிலக்கு வழக்கு விசாரணைக்கே வரவில்லை.