ஷீல்டு எடுக்கவா வேணாமா?

அன்புள்ள அண்ணா,

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்ல என் கேரக்டர் ஒரு பாலடின், அதாவது புனித வீரன். முழு இரும்புக் கவசமான பிளேட் ஆர்மர்ல இருக்கான், ஏசி (அவனை அடிக்க எதிரி இருபது முக டைஸ் போட்டு, கூட்டி எட்ட வேண்டிய நம்பர்) 18. ஷீல்டு எடுத்தா 20. வெறும் ரெண்டு பாயின்ட்டுக்காக ரெண்டு கையால பிடிக்கற கிரேட்ஸ்வோர்டை விடணுமா? எப்படியும் டைஸ்ல 20 விழுந்தா அடி படத்தானே போகுது. அதோட எங்க டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) ஒவ்வொரு தடவையும் "மிஸ், அடுத்தது"ன்னு போயிடறார், அதனால ஏசி ஏறினா போர் தான் அடிக்குது.

க.

தம்பி,

20 விழுந்தா படும்ங்கறதெல்லாம் எல்லாருக்கும் பொது, விடுங்க. ரெண்டை "வெறும்"னு சொன்னீங்க பாருங்க, அங்க தான் கோவம் வருது. கோப்ளின்னு ஒரு குட்டி எதிரியை எடுத்துக்கோங்க, டைஸ்ல விழறதோட அதுக்கு +4. ஏசி 18-னா அது 14 போடணும், இருபதுல ஏழு தடவை படும். 20-னா 16 போடணும், அஞ்சு தடவை தான். ஏழு அஞ்சாகுது, கணக்கு போட்டு பாக்காமலே லெட்டர் எழுதுவீங்களா?

ஆனா நான் பதில் எழுதறது உங்க கடைசி வரிக்காக. ரெண்டு வாரமா அதே தான் மண்டைக்குள்ள ஓடுது. ஏசி ஒரே நம்பர் இல்ல தம்பி, அடுக்கு. என் முதல் கேரக்டருக்கு செயின் ஷர்ட் (இரும்பு வளையம் கோத்த சட்டை), டெக்ஸ் (சுறுசுறுப்பு) +2, ஷீல்டு, மொத்தம் 17. அப்ப எங்களுக்கு டிஎம்மா இருந்த அக்கா டைஸை பாத்துட்டு "மிஸ்"னு சொன்னதே கிடையாது. கூட்டி 9 வரைக்கும் வந்தா அடிச்சவனே சொதப்பிட்டான், 10, 11-னா நீ விலகிட்ட, 12, 13-னா ஷீல்டுல டொங்குன்னு பட்டுச்சு, 14-ல இருந்து 16 வரைக்கும் அடி உன் மேல தான் விழுந்துச்சு ஆனா சட்டை தாங்கிடுச்சு. ரூல் புக்ல இப்படி பிரிக்கல, அவங்களா பிரிச்சுக்கிட்டது. பிளேட்டுக்கு டெக்ஸ் சேராது, உங்க ஆளு விலகவே மாட்டான், நின்னு வாங்குவான், அது எவ்ளோ அழகான விஷயம், அதை போய் ஒரு மனுஷன் "மிஸ்"னு சொன்னா எனக்கு வயிறு எரியுது. உங்க டிஎம்கிட்ட இதை காட்டுங்க, திட்டினேன்னும் சொல்லுங்க.

ஒரு நாள் சரியா 16 வந்துச்சு. அக்கா கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஈட்டி முனை வளையத்துல மாட்டி இழுபடுது, ஒரு வளையம் தெறிச்சு தரையில உருளுது"ன்னாங்க. உயிரைக் கணக்கு வைக்கற ஹிட் பாயின்ட் ஒண்ணு கூட குறையல. நான் கேரக்டர் ஷீட்ல செயின் ஷர்ட்டுக்கு பக்கத்துல பென்சிலால "ஒரு வளையம் இல்ல"ன்னு எழுதி வச்சேன், அந்த கேரக்டர் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, ஷீட் இன்னும் என்கிட்ட தான் இருக்கு.

என்ன கேட்டீங்க, ஷீல்டா? எடுங்க.