ஊசிக்கு முன்னே ஒரு கை: குறைமாதப் பிள்ளைகளின் நோவு பற்றிய கேள்வி பதில்

குறைமாதப் பிள்ளைகளின் விடுதியில் 26 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். குத்திய பிறகு பிள்ளையை எப்படித் தேற்றுவது என்றுதான் அநேகர் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்கள் பெரும்பாலும் குத்துவதற்கு முன்னே செய்ய வேண்டியதைப் பற்றியவை.

கேள்வி (சுன்னாகம், ஒரு தாய்): என் மகன் 30 கிழமையில் பிறந்தான். ஒவ்வொரு நாளும் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். அவன் அழுவதே இல்லை. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு நோவு தெரியாது என்று மாமி சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை, தங்கச்சி. அவனுக்கு நோகும். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையைவிடக் கூடுதலாக நோகும். நோவை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் அந்த வயதில் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் மூளையிலிருந்து கீழிறங்கி அந்த நோவை அடக்கும் பாதை பிறகுதான் முதிர்கிறது. உங்களுக்கும் எனக்கும் உள்ள அந்தத் தடுப்பு அவனுக்கு இன்னும் வரவில்லை.

அழாமல் இருப்பது அழுவதற்குப் பலம் இல்லாததால். அவனுடைய முகத்தைப் பாருங்கள். புருவங்களுக்கு நடுவே புடைக்கும், கண்களை இறுக்கி மூடுவான், மூக்கின் ஓரத்திலிருந்து உதடு வரை ஒரு மடிப்பு விழும். இதயத் துடிப்பு ஏறும், ஒட்சிசன் அளவு இறங்கும். கனடா ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட நோவு அளவுகோல் இந்த அடையாளங்களை வைத்தே புள்ளி போடுகிறது. பிள்ளை எவ்வளவு முந்திப் பிறந்ததோ அதற்கேற்ப மேலதிகப் புள்ளியும் கொடுக்கிறது. சின்னப் பிள்ளை குறைவாகக் காட்டும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு கிலோவுக்கும் குறைந்த ஒரு பெண் பிள்ளை என் நினைவில் இருக்கிறாள். குதிக்காலில் குத்தியபோது சத்தமே வரவில்லை. அவளுடைய வலது கை விரல்கள் ஐந்தும் ஒரே நேரத்தில் விரிந்து, அப்படியே விறைத்து நின்றன. மொனிற்றரில் 94 என்று இருந்த ஒட்சிசன் 78க்கு இறங்கியது. அன்றிலிருந்து நான் விரல்களைப் பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் குத்தியதில்லை.

மாமியைக் குறை சொல்ல வேண்டாம். 1980களின் நடுப்பகுதி வரை மேலைநாடுகளில்கூடப் பல குழந்தைகளுக்குப் போதிய நோவு மருந்து இல்லாமலே சத்திரசிகிச்சை நடந்தது. 1987இல் ஆனந்த், ஹிக்கி என்ற இரு வைத்தியர்கள் புதிதாய்ப் பிறந்த குழந்தையின் நோவைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் வைத்திய உலகம் அசைந்தது.

கேள்வி (கோண்டாவில், ஒரு தந்தை): இரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நிற்க விடுகிறார்கள். ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தடவிக் கொடுக்கலாமா?

பதில்: தடவ வேண்டாம், தம்பி. மிகச் சின்னப் பிள்ளையின் தோலில் மெல்லத் தடவுவதே தொந்தரவாகிவிடும். அசையாத கைதான் அவனுக்குத் தேவை.

முதலில் கைகளை முழங்கை வரை கழுவி, நன்றாகத் துடைத்து, சூடு வரும்வரை ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்துத் தலையின் உச்சியில் வையுங்கள். மற்றக் கையால் இரண்டு கால்களையும் மடித்து வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். குத்தும் கால் மட்டும் தாதியின் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பிள்ளையின் கைகள் நெஞ்சுக்கு நடுவே, வாய்க்குக் கிட்ட வரவேண்டும். வயிற்றுக்குள் எப்படிச் சுருண்டு கிடந்தானோ, அதே மாதிரி. அழுத்தம் என்றால் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கன்றாமல் ஏந்துகிற அளவு.

குத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னே பிடிக்கத் தொடங்குங்கள். முடிந்தவுடன் கையை எடுத்துவிடாதீர்கள். இதுதான் எல்லாரும் விடும் பிழை. மூச்சு ஒழுங்காகி, நெற்றி தளர்ந்து, விரல்கள் மெல்ல மூடிய பிறகு முதலில் கால் பக்கத்துக் கையையும் அதன் பிறகு தலையில் வைத்த கையையும் எடுங்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் அவன் திடுக்கிடுவான்.

உங்களுக்குப் பிடிக்க முடியாத நேரத்தில் மென்மையான துணியால் சுற்றிவிடலாம். பல தடவை துவைத்த பழைய வேட்டித் துண்டைப்போல நல்ல துணி வேறில்லை. வீட்டுக்குப் போன பிறகு அதே சுருட்டை ஏணையில் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். கழுத்து மடிந்து மூச்சு தடைப்படலாம். தூங்கும்போது தட்டையான இடத்தில், மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்.

கேள்வி (நல்லூர், ஒரு அம்மம்மா): மகளின் வெறும் நெஞ்சில் பேத்தியைக் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்த உடம்பு, துடக்கும் கழியவில்லை. பிள்ளைக்குக் குளிராதா? கிருமி தொற்றாதா? ஊசி போடும்போதும் அப்படியே இருக்கலாம் என்கிறார்களே!

பதில்: அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. என் அம்மம்மாவும் குறைமாதப் பிள்ளையைப் பஞ்சுக்குள் பொத்தித்தான் வளர்க்க வேண்டும் என்பார். ஆனால் தாயின் நெஞ்சு பஞ்சைவிட நல்லது. பஞ்சு சூட்டைத் தப்பவிடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். தாயின் உடம்பு பிள்ளைக்குச் சூட்டைக் கொடுக்கும். தாயின் தோலில் இருப்பவை வீட்டுக் கிருமிகள். பிள்ளைக்குப் பயங்கரமானவை வைத்தியசாலைக் கிருமிகள்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரேய் சனாப்ரியா என்ற வைத்தியர் இதைத் தொடங்கினார். அங்கே குறைமாதப் பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டிகள் (இன்கியுபேற்றர்) போதவில்லை, ஒரே பெட்டியில் பல பிள்ளைகள், தொற்றினால் இறப்பு. அவர் தாயையே பெட்டியாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2022இல், குறைமாதப் பிள்ளைகளைப் பிறந்தவுடனே தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் இப்படி வைத்திருக்கச் சொன்னது. துடக்கு வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையிலான கணக்கு, அம்மா. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் அதற்கு இடமில்லை.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைக்குத் தொப்பியும் பம்பேர்ஸும் மட்டும் போட்டு, இரண்டு மார்புகளுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, நாடியைச் சற்று உயர்த்தி, துணியால் கட்ட வேண்டும். மகள் சாய்வாக இருக்கட்டும், காயத்தின் மேல் பாரம் விழாது. குத்துவதற்குக் குறைந்தது 15 நிமிடம் முன்னே இப்படி இருந்தால்தான் பலன். குதிக்கால் துணிக்கு வெளியே வந்தால் போதும், தாதி கீழே குனிந்து எடுத்துவிடுவார். 28 முதல் 32 கிழமைக்குள் பிறந்த பிள்ளைகளிடம் செய்து பார்த்த கனடா ஆய்வொன்று 2008இல் வெளியானது. தாயின் நெஞ்சில் இருந்தபோது, பெட்டிக்குள் இருந்ததைவிட ஒரு நிமிடத்துக்கும் மேலாக முந்தியே அவர்கள் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். பெரியவர்களுக்கு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. ஒரு கிலோப் பிள்ளைக்கு அது நீண்ட நேரம்.

மகளுக்கு முடியாத நாளில் மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டு இருக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (மானிப்பாய்): சீனித் தண்ணீர் கொடுத்தால் நோகாது என்கிறார்களே. வீட்டில் கரைத்துக் கொண்டுபோகலாமா? தேன் தொட்டு வைக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. தேன் ஒரு வயது வரை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடும்.

வைத்தியசாலையில் கொடுப்பது கிருமி நீக்கிய, பெரும்பாலும் 24 வீதச் சீனிக் கரைசல். சில துளிகளை நாக்கின் நுனியில் விட்டு, ஏறத்தாழ இரண்டு நிமிடம் பொறுத்துக் குத்துவார்கள். இனிப்பு நாக்கில் படுவதால்தான் வேலை செய்கிறது. குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டால் பலனில்லை. எத்தனை தடவை கொடுத்தோம் என்பதை மருந்தைப்போலவே எழுதி வைக்க வேண்டும். 2010இல் லண்டனில் செய்த ஆய்வில், சீனி கொடுத்த பிள்ளைகளின் முகம் அமைதியாக இருந்தும் மூளையில் நோவுக்கான அலைகள் குறையவில்லை என்று கண்டார்கள். அதனால் நான் சீனியை ஒருநாளும் தனியே நம்பியதில்லை. கையோடு, அல்லது நெஞ்சோடு சேர்த்தே கொடுப்பேன்.

கேள்வி (சாவகச்சேரி, ஒரு தாய்): சீனித் தண்ணீருக்குப் பதிலாகத் தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: பிள்ளை நேரே பால் குடிக்கக் கூடியவனென்றால் அதைவிட நல்ல வழி இல்லை. குத்துவதற்கு முன்னே மார்பில் போட்டு, நன்றாக இழுத்துக் குடிக்கத் தொடங்கிய பிறகு குத்தச் சொல்லுங்கள். முடிந்த பிறகும் குடிக்கட்டும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றாகச் செய்ய, கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 கிழமை ஆக வேண்டும். அதற்கு முன்பென்றால், கறந்த பாலில் சில துளிகளைத் தாதியைக் கேட்டு உதட்டில் தடவலாம். அது மட்டும் பெரிய பலன் தராது. பால் கறந்து வெறுமையாக்கிய மார்பையோ சுத்தமான கையுறை போட்ட விரலையோ சூப்பக் கொடுப்பதும் உதவும்.

கேள்வி (ஒரு இளம் தாதி, ஊர் குறிப்பிடவில்லை): அக்கா, ஒரு இரவில் எத்தனையோ பிள்ளைகளை நான் ஒருத்தி பார்க்கிறேன். 15 நிமிடம் பொறு, பிடி, சுற்று என்றால் எப்படி?

பதில்: பிள்ளை, நீ சொல்வது நியாயம். நானும் அந்த இரவுகளை நின்று கழித்தவள்தான். அதனால் முதலில் குத்துகளைக் குறை. பாரிஸ் வட்டாரத்தில் 430 பிள்ளைகளை 14 நாட்கள் பார்த்து 2008இல் வெளியிட்ட கணக்கில், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்து நோவான காரியங்கள் நடந்திருந்தன. அநேகமானவற்றுக்கு நோவைக் குறைக்கத் தனியாக எதுவும் செய்யப்படவில்லை. காலைப் பார்வையிடலின்போது வைத்தியரிடம் கேள்: இந்த இரத்தத்தையும் பின்னேரத்து இரத்தத்தையும் ஒரே குத்தில் எடுக்கலாமா என்று. தாதி கேட்டதால் நின்றுபோன பரிசோதனைகள் என் காலத்தில் பல.

இரண்டாவது, தாயை வெளியே அனுப்பாதே. அவர்தான் உனக்கு இல்லாத அந்த இரண்டு கைகள். ஒரு தடவை காட்டிக்கொடு, மறுநாள் அவரே பிடிப்பார்.

பிளாஸ்ரரை மறந்துவிடாதே. ஊசியைப் பற்றிக் கவலைப்படுகிற நாம் பிளாஸ்ரரைச் சர்ரென்று இழுத்துவிடுகிறோம். 28 கிழமையில் பிறந்த பிள்ளையின் தோல் வெங்காயத்தின் உள் சவ்வு மாதிரி. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஓரத்தில் வைத்து ஊறவிட்டு, பிளாஸ்ரரைத் தோலோடு சாய்வாக மடித்து, தோலை மற்ற விரலால் கீழே அமர்த்திக்கொண்டு எடு. நோவான எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்காதே. பிளாஸ்ரர் எடுத்த கையோடு குதிக்காலிலும் குத்தினால், அந்தக் குத்து இரட்டிப்பாக நோகும்.

கேள்வி (ரொறன்ரோ): மனைவியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில். விசா கிடைக்கும்வரை நான் வரமுடியாது. என் குரலைப் பதிவு செய்து அனுப்பினால், ஊசி போடும்போது தொலைபேசியில் போட்டுவிடலாமா?

பதில்: குரலுக்குப் பலன் உண்டு, தம்பி. இத்தாலியின் ஆஸ்தாவில் உள்ள வைத்தியசாலையோடு சேர்ந்து ஜெனீவாப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. குதிக்காலில் குத்தும்போது தாய் பக்கத்தில் நின்று கதைத்தால் நோவின் அடையாளங்கள் குறைந்தன. ஆனால் அது உயிருள்ள குரல், பிள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கதைத்த குரல். பெட்டிக்குள் தொலைபேசியை வைத்தால் சத்தம் சுவரில் பட்டு எதிரொலிக்கும். பிள்ளைகளின் விடுதியில் சத்தம் 45 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்பது பரிந்துரை. உங்கள் பாட்டை மனைவிக்கு அனுப்புங்கள். அவர் நெஞ்சில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை மெல்லப் பாடட்டும். நெஞ்சின் அதிர்வோடு சேர்ந்து அது பிள்ளைக்குப் போகும்.

கேள்வி (உடுவில்): கண் பரிசோதனைக்கும் இவை போதுமா?

பதில்: போதாது. விழித்திரைப் பரிசோதனையில் இமையை விரித்துப் பிடிப்பார்கள், நன்றாக நோகும். விறைப்புத் துளி கட்டாயம் வேண்டும். சுற்றுவதும் இனிப்புத் துளியும் கையும் அதோடு சேரட்டும். மூச்சுக் குழாய் போடுவது, நெஞ்சில் குழாய் போடுவது, சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்கு மருந்துதான் வேண்டும். கையும் பாலும் மருந்துக்குத் துணை. அங்கே அவற்றை மருந்துக்கு மாற்றாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அந்த இரண்டு மாதமும் என்னைக் கதவுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். அவள் ஊசிகளைத் தனியே தாங்கியிருக்கிறாள். இதை வாசிக்கும் போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

பதில்: உங்களை வெளியே நிறுத்தியவர்களில் என்னைப் போன்ற தாதியரும் இருந்தோம், மகள். அன்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அது பிழை, உங்கள் பிழை இல்லை. அதிகமாகக் குத்தப்பட்ட பிள்ளைகளின் மூளை வளர்ச்சியில் வித்தியாசம் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. பிறகு கிடைக்கும் அணைப்பும் அதே மூளையைத்தான் வளர்க்கிறது. பொகோட்டாவில் நெஞ்சோடு வளர்ந்தவர்களை 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களின் வீடுகளே கூடுதல் அன்பான வீடுகளாக இருந்தன. அந்த வீட்டை நீங்கள் இன்றும் கட்டலாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மடியில் முகம் பார்த்து இருத்தி, ஊசி எடுப்பதற்கு முன்னே அணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நெடுந்தீவு, ஒரு தாய்): வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். குறிகட்டுவானுக்குப் படகு ஏறி, பஸ் பிடித்து வர வேண்டும். கடல் குழம்பினால் வரவே முடியாது. நான் இல்லாத நாளில் என்ன செய்வது?

பதில்: கைக்குட்டை அளவில் இரண்டு பருத்தித் துணிகளை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவிட்டு எடுங்கள். ஒன்றை இரவு முழுக்க மார்போடு வைத்திருந்து, சுத்தமான பையில் போட்டு அடுத்த தடவை கொண்டுவாருங்கள். பொறுப்பான தாதியிடம் கேட்டு, பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில், மூக்கை மூடாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழகிய மணம் இருந்தால் குத்தும்போது பிள்ளை குறைவாகத் துடிக்கும். மற்றத் துணியைப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாள் வைத்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பால் கறக்கும்போது அதை முகர்ந்தால் பால் சுரக்கும். வந்த நாளில் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தால், நீங்கள் நெஞ்சில் வைத்திருக்கும் நேரத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் படகு எத்தனை மணிக்கு என்பதைப் பிள்ளையின் கோப்பில் எழுதி வைக்கும்படியும் கேளுங்கள்.